தண்ணீர் லாரியும் திறக்காத கதவும்

கோடைக்காலம். தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நிற்கிறது. 'பாம்... பாம்...' என்று ஹாரன் அடிக்கிறது. அவ்வளவுதான், கதவுகள் படபடவென்று திறக்கின்றன. பச்சை, மஞ்சள், ஊதா என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டுகின்றன. கொஞ்ச நேரத்தில் லாரி காலி. வீடுகளில் தண்ணீர், தெருவில் அமைதி.

இப்போது இன்னொரு தெருவுக்குப் போவோம். அங்கேயும் லாரி வருகிறது, ஹாரன் அடிக்கிறது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. எட்டிப் பார்த்தால் காரணம் தெரிகிறது. ஒவ்வொரு வீட்டிலும் தொட்டி, டிரம், அண்டா எல்லாம் நிரம்பி வழிகின்றன. இனி ஒரு சொம்பு ஊற்றவும் இடமில்லை. லாரிக்காரரோ விடாமல் ஹாரன் அடிக்கிறார். முதல் லாரி நிற்கும்போதே அடுத்த லாரியும் வந்துவிடுகிறது. தெருவெல்லாம் தண்ணீர்!

பிள்ளைகளே, இந்த இரண்டு தெருக்களும் நம் உடம்புக்குள்ளேயே இருக்கின்றன.

ஹாரன் அடிப்பது யார்?

நீங்கள் சாப்பிடும் இட்லி, சோறு, சப்பாத்தி, வாழைப்பழம் எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. அது செரித்து, குளுக்கோஸ் என்ற சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஓடுகிறது. லாரித் தண்ணீர் என்று நான் சொன்னது இந்தச் சர்க்கரையைத்தான்.

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு படுத்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் அது இன்சுலின் என்ற பொருளைச் சுரக்கிறது. 'சர்க்கரை வந்திருக்கிறது, கதவைத் திறந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் இன்சுலின் கொண்டுபோகும் சேதி. அதுதான் நம் ஹாரன்.

இப்படி ஓர் உறுப்பு ரத்தத்தின் வழியாக மற்ற உறுப்புகளுக்கு அனுப்பும் சேதிக்கு ஹார்மோன் என்று பெயர். 1905-ல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் கிரேக்க மொழியிலிருந்து எடுத்துவைத்த பெயர் இது. 'தூண்டிவிடுவது' என்று பொருள்.

சேதியைக் கேட்கக் காது வேண்டுமே? செல்களின் மேல்பரப்பில் 'ஏற்பி' என்ற காதுகள் இருக்கின்றன. இன்சுலின் வந்து அந்தக் காதில் ஒட்டியதும், தசைச் செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் நுண்ணிய கதவுகள் நகர்ந்து வந்து செல்லின் மேல்பரப்பில் பொருந்திக்கொள்கின்றன. சர்க்கரை உள்ளே போகிறது. சேதியைக் கேட்டு வேகமாகக் கதவு திறக்கும் திறமைக்குத்தான் 'இன்சுலின் உணர்திறன்' என்று பெயர்.

ஹாரனே இல்லாத தெரு

சிலருக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. இதை முதல் வகை நீரிழிவு என்கிறோம். சிறு வயதிலேயே வரக்கூடியது. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல, அவர்கள் செய்த தவறாலும் வந்ததல்ல. உடலின் காவல்படையே குழம்பிப்போய் அந்தச் செல்களைத் தாக்கிவிடுகிறது.

நூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிப் போனால், இந்த நோய்க்கு மருந்தே இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவன், எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தான். பிரெடரிக் பேண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் விலங்குகளின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்த சாறு அவனுக்கு ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. அந்தச் சாற்றில் அழுக்கு மிகுந்திருந்தது. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் இரவு பகலாக உழைத்து அதைத் தூய்மையாக்கினார். 12 நாள் கழித்துப் போட்ட ஊசியில் சர்க்கரை சரசரவென்று இறங்கியது. லியோனார்ட் பிழைத்துக்கொண்டான். அடுத்த ஆண்டே பேண்டிங்குக்கும், அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜான் மக்ளியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

'இனிமேல் நீரிழிவு உள்ள எல்லாருக்கும் இன்சுலின் கொடுத்தால் போதும்' என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் ஒரு புதிர் பாக்கி இருந்தது.

கேட்காத காது

லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நீரிழிவு உள்ளவர்களுக்குக் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்சுலினும் செலுத்தினார். சிலருக்குச் சர்க்கரை ஏறவில்லை, இன்சுலின் வேலை செய்தது. வேறு சிலருக்கோ இன்சுலின் போட்டும் சர்க்கரை கடகடவென ஏறியது. 1936-ல் அவர் இதை எழுதி வெளியிட்டார். இன்சுலின் குறைவதால் வரும் நீரிழிவு ஒன்று, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காததால் வரும் நீரிழிவு இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார்.

அது உண்மைதானா என்று ரத்தத்திலுள்ள இன்சுலினை அளந்து பார்க்க அப்போது வழியில்லை. அந்த வழியைக் கண்டுபிடித்தவர் ரோசலின் யாலோ என்ற அமெரிக்க இயற்பியலாளர். சாலமன் பெர்சன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, 1960 வாக்கில் ஒரு துளி அளவையும் அளக்கும் முறையை உருவாக்கினார். அளந்தபோது, பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் பலருக்கு இன்சுலின் குறைவாக இல்லை, தாராளமாகவே இருந்தது! ஹாரன் ஓங்கி ஒலிக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. 1977-ல் யாலோவுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கதவு ஏன் திறக்கவில்லை? நம் இரண்டாவது தெருவை நினைத்துப் பாருங்கள். உடலில் மிஞ்சிய ஆற்றல் கொழுப்பாகச் சேமிக்கப்படுகிறது. தோலுக்கு அடியில் அதற்கென்று இடமிருக்கிறது. அந்த இடம் போதாமல், ஈரலிலும் தசையிலும் கொழுப்பு தங்கத் தொடங்கினால், காதில் விழுந்த சேதி செல்லுக்குள் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை. கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரந்து பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் அப்படி உழைத்துக் களைத்துப்போகும்போது சர்க்கரை நோய் வெளியே தெரிகிறது.

தோலுக்கடியில் உள்ள சேமிப்பு இடம் எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. தெற்காசியர்களான நம்மில் பலருக்கு, பார்க்க ஒல்லியாக இருக்கும்போதே ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால் ஒல்லியான தாத்தாவுக்கும் சர்க்கரை நோய் வரும், பருமனான மாமாவுக்கு வராமலும் போகும்.

'போதும்' என்று சொல்லும் ஹார்மோன்

சர்க்கரைக்கு இன்சுலின் இருப்பதுபோல, பசிக்கும் சேதிகள் உண்டு. அந்தக் கதை ஓர் எலியில் தொடங்குகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் எலிகளை வளர்த்து ஆராயும் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. 1949-ல் அங்கே பந்துபோல் உருண்டையான ஓர் எலி காணப்பட்டது. எந்நேரமும் தின்றுகொண்டே இருந்தது. மற்ற எலிகளைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடை. பின்னர் அதே ஆய்வகத்தில் வேறொரு வகைக் குண்டெலியும் பிறந்தது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

டக்ளஸ் கோல்மன் என்ற அறிவியலாளர் இவற்றின் ரத்தத்தைச் சாதாரண எலியின் ரத்தத்தோடு கலந்து ஓடச் செய்து பார்த்தார். முதல் வகைக் குண்டெலி தின்பதைக் குறைத்துக்கொண்டு இளைத்தது. சாதாரண எலியின் ரத்தத்திலிருந்து 'போதும்' என்ற சேதி அதற்குக் கிடைத்துவிட்டது! இரண்டாம் வகையில் நடந்ததோ தலைகீழ். குண்டெலி மாறவே இல்லை. சாதாரண எலிதான் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. குண்டெலியின் ரத்தத்தில் 'போதும், போதும்' என்ற சேதி வெள்ளமாக ஓடியிருக்கிறது, அதைக் கேட்கும் காதுதான் அதற்கு இல்லை என்று கோல்மன் கணித்தார்.

அந்தச் சேதி எது? 1994-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அதைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புச் செல்களே சுரந்து மூளைக்கு அனுப்பும் ஹார்மோன் அது. லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். பருமனான மனிதர்களில் பெரும்பாலோர் இரண்டாவது எலியைக் கொஞ்சம் ஒத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காது இல்லாமல் இல்லை, லெப்டினும் ஏராளமாக இருக்கிறது. மூளைக்குத்தான் அது சரியாக எட்டுவதில்லை.

புரதம் வரும் வழி

இனி நம் கதாநாயகனைக் கூப்பிடலாம். பருப்பு, பயறு, கடலை, பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகியவற்றில் நிறைந்திருப்பது புரதம். அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலை அது. இன்சுலினும் ஒரு புரத மாலைதான், 51 மணிகள் கொண்டது. அதைக் கேட்கும் ஏற்பியும் புரதம், சர்க்கரையை உள்ளே விடும் கதவும் புரதம். சத்தமும் காதும் கதவும் ஒரே மரத்தில் செய்தவை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாப்பிட்ட புரதம் குடலை அடைந்ததும் குடல் சும்மா இருப்பதில்லை. 'ஜிஎல்பி-1' போன்ற சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை மூன்று இடங்களுக்குச் சேதி சொல்கின்றன. இரைப்பைக்கு, 'மெதுவாக அனுப்பு.' கணையத்துக்கு, 'சர்க்கரை வருகிறது, இன்சுலினோடு தயாராக இரு.' மூளைக்கு, 'வயிறு நிறைந்தது.' லாரிகள் முட்டிமோதாமல் ஒன்றன்பின் ஒன்றாக வருவதற்கு ஏற்பாடு செய்வது போலத்தான்.

இந்த ஜிஎல்பி-1 இரண்டொரு நிமிடத்தில் சிதைந்துபோகும். அதேபோல் வேலை செய்து, ஆனால் நீடித்து நிற்கும் ஒரு பொருளை ஜான் எங் என்ற மருத்துவர் எங்கே கண்டுபிடித்தார் தெரியுமா? அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற நச்சுப் பல்லியின் எச்சிலில்! அதைப் பின்பற்றிச் செய்த மருந்து 2005-ல் அமெரிக்காவில் நீரிழிவு சிகிச்சைக்கு வந்தது.

சாப்பிடும் வரிசைக்கும் இதில் பங்குண்டு. 2015-ல் நியூயார்க் ஆய்வாளர்கள் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒரு நாள் முதலில் ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும், 15 நிமிடம் கழித்துக் கோழிக்கறியும் காய்கறியும். இன்னொரு நாள் வரிசையைத் திருப்பிவிட்டார்கள். கறியும் காயும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது ரத்தச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவாக இருந்தது. இன்சுலினும் குறைவாகவே சுரந்திருந்தது. சாப்பாடு அதேதான், வரிசைதான் வேறு.

தசையையும் மறக்கக்கூடாது. சாப்பிட்டபின் இன்சுலின் சொல் கேட்டுச் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். நம் தெருவிலேயே பெரிய தொட்டி உள்ள வீடு அது. தசையைக் கட்டப் புரதம் வேண்டும். ஆனால் புரதம் வெறும் செங்கல். கொத்தனார் யார்? நீங்கள் ஓடுவதும் கபடி விளையாடுவதும் சைக்கிள் மிதிப்பதும்தான். வேலை செய்யும் தசை, இன்சுலின் சொல்லாவிட்டாலும் தானே கதவைத் திறந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். விளையாடி முடித்த பிறகும் சில மணி நேரம் அதன் காது கூர்மையாகவே இருக்கும்.

வெட்டுக்கிளி சொன்ன பாடம்

ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரு அறிவியலாளர்கள் ஆக்ஸ்போர்டில் வெட்டுக்கிளிகளுக்கு விருந்து வைத்தார்கள். புரதமும் மாவுச்சத்தும் வேறு வேறு அளவில் கலந்த 25 வகை உணவுகள். ஒவ்வொரு வெட்டுக்கிளிக்கும் ஒரு வகைதான் கிடைக்கும். எவ்வளவு தின்கிறது என்று அளந்தார்கள். புரதம் குறைந்த உணவு கிடைத்தவை, தங்களுக்கு வேண்டிய புரதத்தைத் தேடித் தின்றுகொண்டே இருந்தன. கூடவே வேண்டாத மாவுச்சத்தும் உள்ளே போய், கொழுத்துவிட்டன.

மனிதர்களும் அப்படித்தானா? இருவரும் பிறகு இதையே ஆராய்ந்தார்கள். 2011-ல் சிட்னியில் அவர்களுடைய குழு 22 பேரை ஒவ்வொரு முறையும் நான்கு நாள் தங்கவைத்துச் சோதித்தது. உணவின் ஆற்றலில் 15 சதவீதம் புரதத்திலிருந்து வரும்படி கொடுத்தபோது சாப்பிட்டதைவிட, 10 சதவீதமாகக் குறைத்துக் கொடுத்தபோது அவர்கள் 12 சதவீதம் கூடுதலான ஆற்றலை உள்ளே தள்ளியிருந்தார்கள். பெரும்பாலும் நொறுக்குத்தீனியாக!

ஒரு பாக்கெட் சிப்ஸை முடித்தபிறகும் வாய் ஏன் இன்னொன்றைக் கேட்கிறது என்று யோசித்தது உண்டா? வயிறு தேடுவது வேறு, நாம் போடுவது வேறு என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படியானால் புரதத்தை அள்ளித் தின்னலாமா?

கூடாது. இங்கேதான் அறிவியல் நம் கையைப் பிடித்து நிறுத்துகிறது. 2016-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள், பருமனான, 50 வயதைத் தாண்டிய பெண்களை எடை குறைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அளவு புரதம், இன்னொரு குழுவுக்கு அதைவிட அதிகம். இரண்டு குழுவும் தங்கள் எடையில் 10 சதவீதம் குறைத்தன. வழக்கமான அளவு சாப்பிட்டவர்களின் இன்சுலின் உணர்திறன் 25 முதல் 30 சதவீதம் வரை கூடியது. அதிகப் புரதம் சாப்பிட்டவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவே இல்லை!

அமினோ அமிலங்கள் செல்லுக்குள் 'வளர், வளர்' என்று ஒரு சேதியை எழுப்பும். வளரும் பிள்ளைகளுக்கு அது வேண்டியதுதான். அது ஓயாமல் ஒலித்தால் இன்சுலினின் சேதியை மங்கவைக்கக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சொல்வது புரதத்துக்கும் பொருந்தும். டப்பாவில் விற்கும் புரத மாவு உங்களுக்குத் தேவையில்லை.

நம் தட்டில் என்ன இருக்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வு ஒன்று உண்டு. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023-ல் அது சொன்னது. நாம் சாப்பிடும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், சுமார் 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. மொத்த ஆற்றலில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்புப் புரதமோ பால் புரதமோ சேர்த்துக்கொண்டால் நீரிழிவு வரும் வாய்ப்பு குறையும் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

நமக்கு இது எட்டாத காரியம் அல்ல. 100 கிராம் சோற்றில் புரதம் சுமார் இரண்டரை கிராம்தான். அதே எடை கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 8 கிராம். ஒரு முட்டையில் 6, ஒரு டம்ளர் பாலிலும் சுமார் 6. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பருப்புச் சாதமும் வெண்பொங்கலும் அப்படி ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும் ஜோடிகள்.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டில் ஏழு நாளுக்குக் கோடு போடுங்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், அடுத்து எத்தனை மணிக்குப் பசித்தது என்று மட்டும் எழுதுங்கள். இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்ட நாள், சாம்பாரோடு சாப்பிட்ட நாள், பொங்கல் சாப்பிட்ட நாள், முட்டை சாப்பிட்ட நாள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் குடல் மூளைக்கு அனுப்பும் சேதியை நீங்களே படிக்கலாம்.

இரண்டு செய்திகள் மட்டும் கவனம். எடை பார்க்கவோ பட்டினி கிடக்கவோ வேண்டாம், நீங்கள் வளரும் வயதில் இருக்கிறீர்கள். வீட்டில் தாத்தா, பாட்டி மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொண்டால், அவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரதத்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக அந்த உருண்டை எலியை மறுபடி நினைத்துக்கொள்வோம். பார்த்தவர்கள் எல்லாரும் அதைத் தீனிப்பண்டாரம் என்றே நினைத்திருப்பார்கள். அது ஏன் அப்படித் தின்றது என்று தெரிந்துகொள்ள மனிதர்களுக்கு 45 ஆண்டுகள் பிடித்தன. உங்கள் வகுப்பில் ஒரு நண்பனை யாராவது 'குண்டு' என்றோ 'சாப்பாட்டு ராமன்' என்றோ கூப்பிட்டால், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த எலிக்கு ஆசை அதிகமில்லை. 'போதும்' என்ற சொல் அதற்கு ஒருநாளும் வந்து சேரவில்லை.